கனகலட்சுமியின் வலது கால்

0.38. கனகலட்சுமியின் வலது காலுக்கு மருத்துவமனையில் கிடைத்த எண் இது. கையில் ஒரு தடவை, கணுக்காலில் ஒரு தடவை இரத்த அழுத்தம் பார்த்து, காலின் அளவைக் கையின் அளவால் வகுத்தால் இந்த எண் வரும். நல்ல கால் என்றால் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். வலது காலுக்கு வந்ததைப் பார்த்த நர்ஸ், பட்டையைத்தான் சரியாகக் கட்டவில்லை என்று நினைத்து அவிழ்த்து மறுபடியும் கட்டினார். மறுபடியும் அதேதான் வந்தது.

அவளுடைய கணவர் ராமசுப்புவுக்கு அந்த எண் முதலில் புரியவில்லை. கைக்கு வந்து சேருகிற இரத்தத்தின் பலத்தில் பாதிகூட அந்தப் பாதத்துக்கு வந்து சேரவில்லை என்று நர்ஸ் விளக்கினார்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார் ராமசுப்பு.

"நாளா? இது வருஷக்கணக்குல ஆகியிருக்கும்ங்க."

ராமசுப்பு எழுந்து வெளியே வந்தார். வராந்தாவில் போய் உட்கார்ந்து, போன ஆடியை நினைத்தார். அதற்கு முந்தைய ஆடியை நினைத்தார்.

அவர்கள் ஊரான சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் கோயிலைச் சுற்றி நடக்கிற கூட்டம் காலையில் தொடங்கினால் நடை சாத்தும்வரை ஓயாது. கோமதி அம்மன் ஊசிமுனையில் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள். அவள் கால் நோவில் கொஞ்சத்தைப் பக்தர்களும் வாங்கிக்கொள்வதுதான் ஆடிச்சுற்று. நூற்றொரு சுற்று, ஐந்நூற்றொரு சுற்று என்று அவரவர் வேண்டுதலுக்கேற்ப நடப்பார்கள். செருப்பில்லாத பாதங்கள் கல்தளத்தில் உரசுகிற சத்தம், தூரத்திலிருந்து கேட்டால், மழை பெய்வதுபோல இருக்கும்.

மகள் இசக்கிசெல்விக்கு வரன் தட்டிக்கொண்டே போன வருடம் கனகலட்சுமி நூற்றொரு சுற்று நேர்ந்துகொண்டாள். தை மாதமே ராயகிரியிலிருந்து மாப்பிள்ளை வந்தார். கல்யாணம் முடிந்தது. நேர்த்தி முடிந்ததென்று அவள் நிறுத்தியிருக்கலாம். "காரியம் ஆனதும் காலை நீட்டிப் படுத்துக்கிடணுமோ?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வோர் ஆடியும் நடந்தாள்.

மற்ற நாட்களில் அவளுக்கு விசைத்தறிக் கூடத்தில் வேலை. ராமசுப்பு தறி ஓட்டுவார். அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு நூல் சுற்றுவாள். சர்க்கரை இருப்பது தெரியும். மாத்திரையும் உண்டு. தலை சுற்றினால் போடுவாள், சுற்றாவிட்டால் மறந்துவிடுவாள்.

முதல் சில வருடங்கள், கடைசிச் சுற்றுகளில் எல்லோருக்கும் வருகிற வலிதான் அவளுக்கும் வந்தது. பிறகு ஓர் ஆடியில், பாதி நடந்துகொண்டிருக்கும்போதே வலது ஆடுசதை இறுகியது. துணியைப் பிழிவதுபோல யாரோ உள்ளே முறுக்கினார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி, "கோமதி, கோமதி" என்றாள். கொஞ்ச நேரத்தில் வலி விட்டது. நடந்தாள். அதே அளவு தூரம் போனதும் மறுபடி பிடித்தது. நின்று கூப்பிட்டாள். மறுபடி விட்டது.

கூட நடந்த பெண்கள் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

"யக்கா, ஒங்களுக்கு அம்மா வலியக் கைமேல குடுக்கா. நாங்க பொழுதன்னைக்கும் நடந்தாலும் உள்ளங்கால் அழுக்காவதுதான் மிச்சம்."

"கூப்பிட்ட ஒடனே எடுத்தும் போட்டுருதாளே! ஏட்டி, அந்தக் கால ஒருக்கா தொட்டுக்க."

கனகலட்சுமி காலை இழுத்துக்கொண்டு சிரிப்பாள். "போங்கட்டி, தொட்டா எனக்குக் கூசும்." ஆனால் வீட்டுக்கு வந்து ராமசுப்புவிடம் அதை ஒரு வரி விடாமல் சொல்வாள். நூல் சுற்றிப் பிழைக்கிற தன்னை, அத்தனை கூட்டத்துக்குள் அம்மன் பார்த்துவிட்டாள். கால் வலி உனக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம் என்று பங்கு வைத்துவிட்டாள். அந்தப் பெருமையில் அவளுக்கு வருடம் முழுக்க முகம் மலர்ந்திருந்தது.

அடுத்தடுத்த ஆடிகளில் வலி இன்னும் சீக்கிரமாக வந்தது. கடைசியில் ஒரு சுற்று முடிவதற்குள்ளேயே வந்தது. ஆடி இல்லாத மாதங்களிலும், கடைத்தெருவுக்குப் போய்வரும்போதுகூட வந்தது. "இப்பல்லாம் கேக்காமலே குடுக்கா," என்றாள்.

பக்கத்துத் தறிக்காரர் சைஃபுல்லா ஒரு நாள் டீக்கடையில் விஷயத்தை எடுத்தார்.

"வே ராமசுப்பு, எங்க மாமாவுக்கும் இதே கததான்வே. நடந்தா பிடிக்கும், நின்னா விட்டுரும். கால்ல ரத்தக்குழாய் அடைச்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. மதினிய ஒருக்கா கூட்டிட்டுப் போய் காட்டுமே."

"ஒம்ம மாமா ஆடிச்சுத்து சுத்தினாராக்கும்?"

"அவரு எங்க சுத்தினாரு? புரோட்டாக் கடையத்தான் சுத்திச் சுத்தி வந்தாரு."

இருவரும் சிரித்தார்கள். டீ காலியானது. பேச்சும் அதோடு முடிந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த ராமசுப்புவுக்கு அந்தச் சிரிப்புதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

அந்தக் காலைப் பற்றி அவருக்குத் தெரியாததில்லை. தறிக்கூடத்திலிருந்து திரும்பியதும் அவள் காலை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் வழக்கம். முழங்காலின் பின்குழிக்குக் கீழே இரண்டு உருண்டையாகப் புறப்படும் சதை, இறங்க இறங்க ஒன்றாகி, நாண்போல மெலிந்து குதிகாலில் போய்ப் பிடித்துக்கொள்ளும். அதன் வழி அவர் விரல்களுக்கு மனப்பாடம். வலது கால் சதை இடதைவிட வற்றியிருந்தது அவருக்குத் தெரியும். முன்கால் தோல் மெழுகு பூசியதுபோல மினுங்கியது. சித்திரை வெயிலிலும் அந்தப் பாதம் மட்டும் குளிர்ந்து கிடந்தது.

"எல்லாருக்கும் புழுங்குது. ஒன் காலுக்கு மட்டும் ஏசி போட்டுக் குடுத்துருக்கா அம்மா," என்று கேலி செய்திருக்கிறார்.

இந்த ஆடியில் வலி வரவில்லை.

கனகலட்சுமி காலையிலேயே நடக்கத் தொடங்கியிருந்தாள். ராமசுப்பு தண்ணீர் பாட்டிலோடு நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தார். தன்னைக் கடக்கும்போதெல்லாம் அவள் ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள். அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடந்தாள்.

"என்னட்டி, யார் கூடச் சண்ட?"

அவள் நின்றாள். "ஏங்க, வலியே வரல."

"நல்லதாப் போச்சு. வெரசா முடிச்சிட்டு வா. இட்லி வாங்கி வச்சிருக்கேன்."

"வெளங்காமப் பேசாதீங்க. எனக்கு ஏன் குடுக்கல அவ? நான் என்ன பண்ணினேன்?"

நேர்ந்த சுற்று முடிந்தது. அவள் நிற்கவில்லை. இன்னும் நடந்தால் வரும் என்றாள். நடுப்பகல் ஆனது, கல்தளம் கொதித்தது. கூட்டம் கரைந்து, மிச்சம் இருந்தவர்கள் தரையில் விரித்திருந்த சாக்குமேல் தாவித் தாவிப் போனார்கள். கனகலட்சுமி சாக்கை விட்டு விலகி வெறும் கல்லில், சமையலறையில் நடப்பதுபோல நிதானமாக நடந்தாள். பார்த்த ஒரு பெண் வாய்மேல் கைவைத்து, "பக்தின்னா அதுல்லா பக்தி!" என்றாள். ராமசுப்புவுக்கும் நெஞ்சு விம்மியது. அவள் கடந்துபோன கல்லில் வலது பாதம் பட்ட இடமெல்லாம் ஈரம் தெரிந்தது. குழாயடியில் கால் நனைத்துவிட்டு வருகிறாள் என்று நினைத்தார்.

அது தண்ணீர் இல்லை.

வீட்டுக்கு வந்து காலை மடியில் போட்டபோதுதான் பார்த்தார். உள்ளங்கால் தோல் முழுக்கக் கொப்புளம் கட்டி, உடைந்து, பெருவிரலுக்கு அடியில் சுருண்டு தொங்கியது.

"வலிக்கா?"

அவள் குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இல்லயே. இது எப்பப் பட்டுச்சு?"

வலிக்கவில்லை என்று அவள் சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது. வலிக்காத புண் சீக்கிரம் ஆறும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மஞ்சளும் கோயிலில் தருகிற புற்றுமண்ணும் குழைத்துப் பூசினார்கள். தபசுக் காட்சி நாளன்று அவள் அந்தக் காலோடு வந்து, கூட்டத்தில் எக்கி எக்கி நின்று அம்மனைப் பார்த்தாள். ஆவணி பிறந்தபோது பெருவிரல் நீலமாகி, நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தது. ராயகிரியிலிருந்து வந்த இசக்கிசெல்வி வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். "என்னப்பா வாட இது?" அம்மாவின் கால்கட்டை அவிழ்த்துப் பார்த்தவள், அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. கார் பிடித்தாள். அன்று மாலையே திருநெல்வேலி மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

டாக்டர் பிரேமலதா இரத்தக்குழாய் அறுவை நிபுணர். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், ஆனால் கட்டிலருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பேசுவார். முதலில் இடுப்பு மடிப்பில் விரல் வைத்தார், துடிப்பு இருந்தது. முழங்காலின் பின்குழியில் வைத்தார். பாதத்தின் மேலே வைத்தார். கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். நுனியில் நைலான் இழை நீட்டிக்கொண்டிருந்தது.

"கண்ண மூடிக்கோங்கம்மா. இது பாதத்துல படும்போது 'ஆமா'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

இழையைக் குதிகாலில் வைத்து அது வளையும்வரை அழுத்தினார். கனகலட்சுமி பேசவில்லை. பக்கவாட்டில் அழுத்தினார். விரல்களில் அழுத்தினார். ஏதோ பரீட்சையில் தோற்றுக்கொண்டிருப்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். டாக்டர் கையை எடுத்த பிறகு, காற்றில் ஒன்றுமே படாதபோது, "ஆமா," என்றாள். கொஞ்சம் விட்டு, "ஆமா," என்றாள் இன்னொரு தடவை.

ராமசுப்பு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு பிரச்சன இருக்கு," என்றார் டாக்டர். "தொடையில இறங்குற பெரிய ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. உக்காந்திருக்கும்போது வர்ற கொஞ்சம் ரத்தம் சதைக்குப் போதும். நடக்கும்போது அதுக்கு நெறைய வேணும். கெடைக்கலன்னா கத்தும். அதுதான் நீங்க சொல்ற வலி. நின்னா தேவ கொறைஞ்சிரும், வலியும் விட்டுரும். ரெண்டாவது, சர்க்கரையால நரம்பு செத்திருக்கு. விரல்ல ஆரம்பிச்சு, சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறியிருக்கு. அதனாலதான் இந்த வருஷம் வலியும் தெரியல, சூடும் தெரியல."

ராமசுப்புவுக்குத் தன் தறி நினைவுக்கு வந்தது. ஊடுநூல் அறுந்தால் தறி தானாக நிற்கும். நிறுத்துகிற அந்தச் சின்ன முள் பழுதானால் நூலில்லாமலேயே தறி ஓடும். கண் மூடித் திறப்பதற்குள் துணி பாழாகிவிடும். சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இருக்காது.

கனகலட்சுமி டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நின்னதுனாலயா விட்டுச்சு?" என்று கேட்டாள். "பேரு சொல்லிக் கூப்பிட்டதுனால இல்லையா?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. ராமசுப்புவைப் பார்த்தார்.

சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். திரையில் இடது காலின் குழாய்கள் வேர்போல இறங்கிக் கிளை பிரிந்தன. வலது காலில் தொடை பாதிவரை வந்த கோடு மொட்டையாக நின்றது. அதற்குக் கீழே மயிரிழைபோல நாலைந்து கோணல் கோடுகள். அடைப்பைத் தாண்டிப் புதுக்குழாய் வைத்துத் தைக்கலாம் என்றால், கீழ்முனையைச் சேர்க்க முழங்காலுக்குக் கீழே நல்ல குழாய் ஒன்றாவது வேண்டும். இல்லை. சீழ் பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. காலை எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர் பிரேமலதா.

"எதுவரைக்கும்மா?" என்று கேட்டார் ராமசுப்பு.

"அதுதான் முக்கியம். முழங்கால காப்பாத்த முடிஞ்சா, செயற்கைக் கால் மாட்டி நல்லா நடந்துருவாங்க. கடைக்குப் போகலாம், படி ஏறலாம். முழங்கால் போச்சுன்னா, அவங்க இருக்குற நெலமைல, நடக்கறது ரொம்பக் கஷ்டம். பெரும்பாலும் சக்கர நாற்காலிதான்."

"காப்பாத்திருவீங்கள்லா?"

"முயற்சி பண்ணுவேன். முழங்காலுக்குக் கீழ எலும்ப வெட்டினா, முன்பக்கம் வெறும் தோல்தான், மூடாது. பின்னால இருக்குற ஆடுசதைய நீளமா விட்டு, முன்னால மடிச்சு, எலும்புக்கு மெத்த மாதிரி வச்சுத் தைப்போம். அந்தச் சத உயிரோட இருக்கணும். தொறந்து பாத்தாத்தான் தெரியும். உயிர் இருந்தா செவப்பா இருக்கும், கசியும், தொட்டாத் துடிக்கும்."

ராமசுப்பு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மனப்பாடம் ஆகியிருந்த சதை.

அறுவைக்கு முந்தின நாள் மாலை, பார்வையாளர் நேரத்தில் வார்டு சந்தைபோல இரைந்தது. இசக்கிசெல்வி காப்பி வாங்கப் போயிருந்தாள். கனகலட்சுமி கணவரைக் கிட்டே வரச் சொன்னாள்.

"ஏங்க, நெசத்தச் சொல்லுங்க. ஒங்களுக்கு வெவரம் தெரியும்லா?"

"என்னட்டி?"

"அது எல்லாமே என் வலிதானா? அம்மா வலி இல்லையா?"

பொய் அவர் நாக்கின் நுனியில் இருந்தது. அம்மா வலிதான், டாக்டருக்கு என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் முகம் பழையபடி ஆகிவிடும். ஆனால் அந்தப் பொய்யை ராமசுப்பு நம்பியதால்தான் சைஃபுல்லாவின் பேச்சு டீக்கடையோடு போனது.

"ஒன் வலிதான் கனகு," என்றார். "ஒனக்குத்தான் அது வந்துச்சு. நான்தான் ஒன்னக் கூட்டிட்டு வந்து காட்டியிருக்கணும்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவரைத் திட்டினாலும் தேவலை என்றிருந்தது. அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

"அப்ப அவ இத்தன வருஷமும் ஒத்தையிலதான நின்னுருக்கா," என்றாள். "நான் கூட நிக்கேன்னுல்லா நெனச்சேன்."

ராமசுப்பு கட்டிலில் உட்கார்ந்தார். போர்வையை விலக்கி, வலது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கட்டுக்கு மேலே, சதை தொடங்குகிற இடத்தில் கை வைத்தார்.

"தேய்க்காதீங்க. டாக்டர் திட்டுவாங்க."

"தேய்க்கல. சும்மா வச்சிருக்கேன்."

"தெரியல," என்றாள். "நீங்க கை வச்சிருக்கது தெரியல."

இசக்கிசெல்வி காப்பியோடு வந்து நின்றாள். இருவரையும் பார்த்தாள். முதல் டம்ளரை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவதை அப்பா பக்கத்தில் வைத்தாள். "ஆறிரும். குடிங்க," என்றாள். ஊரிலிருந்து கிளம்பிய பிறகு அவரிடம் அவள் பேசியது அதுதான் முதல்.

மறுநாள் காலை முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். கனகலட்சுமி விழித்துத்தான் இருந்தாள். அவள் மார்புக்கு நேரே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வெளியே பெஞ்சில் ராமசுப்புவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். தகவல் தெரிந்து சங்கரன்கோவிலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சைஃபுல்லாவும் இருந்தார். "அல்லா வச்சுக் காப்பாத்துவான், மனசத் தளர விடாதீரும்," என்றார். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று ராமசுப்புவுக்குத் தோன்றியது.

கதவு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திறந்தது. டாக்டர் பிரேமலதா முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தொறந்து பாத்தேன். தோல் பரவாயில்ல. சத வெளுத்திருக்கு. கசியல. கருவியால ரெண்டு மூணு எடத்துல தொட்டுப் பாத்தேன், துடிக்கல. இத வச்சுத் தைச்சா அழுகிரும். மறுபடியும் வெட்ட வேண்டி வரும். மேலயே எடுத்துடுறேன்."

"முழங்காலு?" என்றாள் இசக்கிசெல்வி.

டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். முழங்காலுக்குக் கீழே, மேலே இரண்டுக்கும் சேர்த்தே முந்தின நாள் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆனாலும் அவர் ராமசுப்புவின் பதிலுக்காக நின்றார். ராமசுப்பு கைகூப்பினார். டாக்டர் உள்ளே போனார்.

வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு கனகலட்சுமி அவரிடம் கேட்ட முதல் விஷயம் வலியைப் பற்றியோ காலைப் பற்றியோ இல்லை.

"துடிக்கலன்னு அந்தம்மா உள்ள வச்சுச் சொன்னது என் காதுல விழுந்துச்சு," என்றாள். "ஒங்க கைக்கு எப்பவாவது துடிச்சுதா?"

"துடிச்சுதுட்டி," என்றார் ராமசுப்பு. "நல்லாத் துடிச்சிட்டு இருந்துச்சு. முந்தி."

அவள் தலையை ஆட்டினாள். அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அழுதாள். சத்தமில்லாமல், வாயைக் கோணாமல், நெடுநேரம் அழுதாள். மகள் கால்மாட்டில் நின்று போர்வையைச் சரிசெய்தாள். வலது பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து உள்ளே செருகினாள்.

தையல் காய்ந்து வருகிறது. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக் கழிப்பறைக்கு இரண்டு படி ஏற வேண்டும். அதை இடித்துச் சரிவாகப் பூசுவதற்கு, சைஃபுல்லா நாளைக்குக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறார்.